நானே ஆள்காட்டி ஆனேன்



"லீவுக்கு வெளிநாடு போயிட்டு வந்தியாமே! சுவர்ப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதிக் கொடு" என்று தமிழய்யா சொன்னார். 'எனது மால்டா பயணம்' என்று தலைப்புப் போட்டு, விமானம் ஏறியது, கடல் பார்த்தது, பறவைகளைப் போட்டோ எடுத்தது என்று இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு நானே கிழித்துப் போட்டுவிட்டேன். ஏனென்றால் அங்கே நான் செய்த ஒரு காரியத்தை அதில் எழுதவில்லை. அதை மறைத்துவிட்டு மற்றதை எல்லாம் எழுதினால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் இது இரண்டாவது தடவை எழுதியது.

சென்னைக்குள் அடங்கும் நாடு

மால்டா எங்கே இருக்கிறது என்று போன வருடம் என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. அது மத்தியதரைக் கடலின் நடுவில் இருக்கும் ஒரு தீவு நாடு. இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தூரம். மால்டா, கோசோ, கொமினோ என்ற தீவுகள் எல்லாம் சேர்ந்தே பரப்பளவு 316 சதுர கிலோமீட்டர்தான். நம் சென்னை மாநகராட்சியே 426 சதுர கிலோமீட்டர்! அதாவது ஒரு நாடே சென்னைக்குள் அடங்கிவிடும். 1964-ல் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. மால்டிய மொழி, ஆங்கிலம் இரண்டுமே அங்கு ஆட்சிமொழிகள்.

என் சித்தப்பா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறார். மெல்லீஹா என்ற ஊரில் வீடு. சித்திக்கு மார்ச் மாதம் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அம்மாவை வரச் சொன்னார்கள். என்னைத் தனியே விட முடியாது என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏப்ரல் கடைசியில் முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே கிளம்பிவிட்டோம்.

முதல் நாள் விடியற்காலையில் 'டப்... டப்...' என்று சத்தம். அம்மா எழுந்து உட்கார்ந்து, "என்ன தம்பி, இங்கேயும் கோயில் திருவிழாவா? வேட்டுப் போடுறாங்களே?" என்று கேட்டார்கள்.

சித்தப்பா சிரித்தார். "திருவிழாவுக்கு இங்கேயும் வேட்டுப் போடுவாங்க அண்ணி, அது நிஜம்தான். ஆனா இது துப்பாக்கி. காடை சுடுறாங்க."

வேலிக்கு வேலி ஆர்.டி.ஓ. ஆபீஸ்

குழந்தை தூங்கும் நேரத்தில் வீட்டில் சத்தம் போடக்கூடாது. அதனால் சித்தப்பா தன்னுடைய பழைய ஜூம் கேமராவை என் கையில் கொடுத்து, "போய்ச் சுத்திப் பாரு, மத்தியானத்துக்குள்ள வந்துடு" என்று அனுப்பிவிடுவார். எனக்கு வேறு என்ன வேண்டும்!

அந்த ஊர் கொஞ்சம் நம் ஊர் மாதிரிதான் இருந்தது. மண் பூசாத கருங்கல் வேலி போல, அங்கே மஞ்சள் நிறக் கல்லை அடுக்கி வயலுக்கு வேலி கட்டியிருக்கிறார்கள். ஓரமெல்லாம் சப்பாத்திக்கள்ளி. ஏப்ரலில் வரப்பு முழுக்க மஞ்சள் பூ. நிறைய கல் வேலிகளில் பெயின்டால் பெரிதாக 'ஆர்.டி.ஓ.' என்று எழுதியிருந்தது. 'இத்தனூண்டு ஊருக்கு இத்தனை ஆர்.டி.ஓ. ஆபீஸா? லைசென்ஸ் எடுக்க எங்கே வரிசையில் நிற்பார்கள்?' என்று எனக்கு ஒரே குழப்பம். சித்தப்பாவிடம் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். 'இந்த இடம் உரிமையாளருக்கு மட்டும்' என்று அர்த்தமாம். பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் தங்கள் இடத்தைக் காட்ட எழுதி வைப்பதாம். பக்கத்திலேயே ஆள் மறைந்து உட்காரும் அளவுக்குச் சின்னக் கல் அறைகளும் இருந்தன.

நான் எடுத்த முதல் போட்டோ ஒரு சிட்டுக்குருவி. நம் ஊர்க் குருவி இல்லை, ஸ்பானியச் சிட்டு. ஆண் குருவிக்குத் தலை செம்பழுப்பு, நெஞ்சு முழுக்கக் கறுப்புக் கோடுகள். இரண்டாவது நாள், மலைமேல் இருக்கும் செங்கோபுரத்துக்குப் போனோம். 1649-ல் கட்டி முடித்த காவல் கோபுரம் அது. அங்கே பாறைமேல் மைனா அளவில் ஒரு நீலப் பறவை உட்கார்ந்திருந்தது. நீலப் பாறைக் குருவி! மால்டாவின் தேசியப் பறவை. அவர்கள் மொழியில் 'மெரில்'. 2008-ல் யூரோ வருவதற்கு முன்னால், அவர்களுடைய ஒரு லீரா நாணயத்தில் இந்தப் பறவையின் படம் இருந்தது. சித்தப்பா ஒரு பழைய நாணயத்தைத் தேடி எடுத்துக் காட்டினார்.

ஆதிராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மெல்லீஹாவுக்குக் கீழே பெரிய மணல் கடற்கரை. அதற்கு எதிரே சாலையைத் தாண்டினால் ஆதிரா என்ற சிறிய நீர்நிலை. பறவைகளுக்கான சரணாலயம். உள்ளே மரத்தால் கட்டிய குடில் இருக்கிறது. அதில் நீளமான ஜன்னல் பொந்து. அதன் வழியாகச் சத்தம் போடாமல் பார்க்க வேண்டும். நெடுங்கால் உள்ளான், சின்ன வெள்ளைக் கொக்கு, பட்டாணி உப்புக்கொத்தி எல்லாம் ஒரே இடத்தில்! நெடுங்கால் உள்ளானைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர்க் கண்மாய் ஞாபகம் வந்துவிட்டது. அதே சிவப்புக் கால், அதே நடை.

அங்கே தொண்டு செய்யும் ஒரு அக்கா எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நண்பர்களே, நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்:

1. வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.
2. நின்றுகொண்டு எடுக்காமல், பறவையின் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுக்க வேண்டும்.
3. பறவையைத் துரத்தக் கூடாது. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அதுவே பக்கத்தில் வரும்.
4. ஃபிளாஷ் போடவே கூடாது.
5. கூட்டையோ, பறவை தங்கி இளைப்பாறும் இடத்தையோ பார்த்தால் யாரிடமும் சொல்லக் கூடாது.

நான்கையும் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவதை 'சரிக்கா' என்று சொல்லிவிட்டு அங்கேயே மறந்துவிட்டேன்.

அந்த அக்கா இன்னொன்றும் சொன்னார். வசந்த காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பறவைகளுக்கு மால்டா ஒரு இடைத்தங்கல். நாம் நெடும்பயணத்தில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடிக்கிற மாதிரி. முட்டையிடப் போகும் காலம் என்பதால் வசந்தத்தில் சுடக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான சட்டம். 2004-ல் மால்டா அந்த ஒன்றியத்தில் சேர்ந்தது. ஆனால் விதிவிலக்கு காட்டி இந்த வேட்டையை அனுமதிக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று 2015-ல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 'இருக்கட்டும்' என்ற பக்கம் ஏறக்குறைய 50.4 விழுக்காடு. வித்தியாசம் சுமார் 2,200 ஓட்டுதான்! நான் போனபோது அந்த வருடத்து வேட்டைக் காலம் முடிய மூன்று நான்கு நாள்தான் பாக்கி இருந்தது.

நன்னு

சித்தப்பா குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுக்காரரின் அப்பா இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். மால்டிய மொழியில் தாத்தாவுக்கு 'நன்னு' என்று பெயர். நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். எங்கள் குழந்தை அழுதால் கீழிருந்து முதல் ஆளாக வந்து நிற்பார். தோட்டத்து எலுமிச்சம்பழம், சூடான ரொட்டி என்று தினமும் ஏதாவது கொண்டுவந்து கொடுப்பார். எனக்குப் பறவை பிடிக்கும் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். சத்தத்தை வைத்தே பறவை பெயர் சொல்லுவார். என் தப்புத்தப்பான ஆங்கிலத்துக்குச் சிரிக்கவே மாட்டார்.

அவரிடம் துப்பாக்கியும் இருந்தது. அதையும் பார்த்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் வயல் பக்கம் போனேன். பயிருக்குள்ளிருந்து 'விட்... விட்டிட்! விட்... விட்டிட்!' என்று ஒரு சத்தம். காடை! நாலு எட்டு வைத்தால் சத்தம் நின்றுவிடும். அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. கல் வேலியை ஒட்டி உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம். கால் மரத்துப் போய்விட்டது. பொழுது சாயும் நேரத்தில் பயிரை விலக்கிக்கொண்டு வரப்போரம் அது வந்தது. கோழிக்குஞ்சு அளவுதான் இருக்கும். தொண்டையில் கறுப்பாக ஒரு அடையாளம். மண்ணைக் கிளறி இரண்டு தடவை கொத்தியது, என் பக்கம் பார்த்தது, உள்ளே போய்விட்டது. பதினோரு படம் எடுத்தேன். பத்து ஆடிப்போய்விட்டது. ஒன்று மட்டும் பரவாயில்லை.

காடையின் எடை சுமார் 100 கிராம். ஒரு பெரிய சோப்புக்கட்டி அளவு. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பாலைவனத்தையும் கடலையும் தாண்டி, பெரும்பாலும் இரவில் பறந்து வருகிறது. அது இறங்கி மூச்சு வாங்கும் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டமாக ஓடி வந்து நன்னுவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "சும்மீனா! ஆண் பறவை. தொண்டையைப் பாரு, கறுப்பு" என்றார். முதுகில் தட்டிக் கொடுத்தார். "நான்கூட இவ்வளவு பக்கத்தில் இப்படிப் பார்த்தது இல்லை" என்று சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்கே பார்த்தாய்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். சொன்னது மட்டும் இல்லை, அவர் வீட்டு நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு மேப் வரைந்தே காட்டினேன். கள்ளிச் செடி இங்கே, உடைந்த வேலி இங்கே, மூன்றாவது வயல், வடக்கு ஓரம். சமூக அறிவியல் பரீட்சையில்கூட அவ்வளவு சுத்தமாக நான் மேப் குறித்தது இல்லை.

பல்லில் தட்டுப்பட்டது

செவ்வாய்க்கிழமை விடியற்காலை. அந்தப் பக்கமிருந்து இரண்டு 'டப்'. நான் போர்வைக்குள் படுத்திருந்தேன். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் 'வேற யாராவது இருக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

மத்தியானம் நன்னு மாடி ஏறி வந்தார். கையில் இரண்டு காடை. கால்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. "குழந்தையோட அம்மாவுக்கு. உடம்பு தேறும்" என்று சித்தியைக் காட்டி, என் அம்மா கையில் கொடுத்தார். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். ஏதோ நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த நல்ல காரியம் மாதிரி. ஒரு காடையின் தொண்டையில் கறுப்பு அடையாளம் இருந்தது. நான் எடுத்த படத்தில் இருந்ததும் அதுவும் ஒன்றுதான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. எல்லா ஆண் காடைக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் கேமராவை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வேண்டாம்னு சொல்லிடும்மா" என்றேன்.

"சும்மா இருடா. வயசானவர், பிள்ளை பெத்தவளுக்குன்னு ஆசையா கொண்டு வந்திருக்கார். திருப்பிக் கொடுத்தா அவர் மனசு என்ன பாடுபடும்?" என்றார்கள் அம்மா. நம் வீட்டிலும் பிள்ளை பெற்றவர்களுக்குக் காடைச் சாறு வைத்துக் கொடுப்பது வழக்கம்தானே. ஊரிலிருந்து கொண்டுபோன மிளகைத் தட்டிப் போட்டு அம்மா குழம்பு வைத்தார்கள். வீடே மணந்தது.

நானும் சாப்பிட்டேன். இதைத்தான் முதலில் எழுதியதில் மறைத்தேன். எனக்கும் ஒரு சின்னத் துண்டு வைத்தார்கள். கறி என்று சொல்ல ஒரு விரல் தடிமன்கூட இல்லை. கடித்தபோது பல்லில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குண்டு. அதற்கப்புறம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

நன்னு சொன்னது

சாயங்காலம் நன்னுவிடம் போய்க் கேட்டேவிட்டேன். "உங்களுக்குப் பறவை பிடிக்கும்தானே? அப்புறம் ஏன் சுடுறீங்க?"

அவர் கோபப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் மால்டாமேல் குண்டு மழை பொழிந்ததையும், 1942-ல் சாப்பாட்டுக் கப்பல்கள் வர முடியாமல் தீவே பட்டினி கிடந்ததையும் அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். "எங்க அப்பாவுக்குக் காடை என்றால் வீட்டுக்கு வந்த கறி. எனக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். நீயும் நானும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் பறவைக்காக விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கிறோம். தூங்குறவனுக்கு என்ன தெரியும்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கு அங்கே யாரும் பட்டினி இல்லையே என்று பிறகுதான் தோன்றியது. நம் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பக்கம், பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடமாட்டார்கள் என்பதை மட்டும் சொன்னேன். "வெடியே போடமாட்டார்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கா? ஆறாவது படிக்கும்போது உண்டிவில்லில் ஒரு மைனாவை அடித்துவிட்டு, தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தவன்தானே. நன்னு அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்தது என்னிடம். மேப் வரைந்து கொடுத்தவனும் நான்தான். ஒன்றரை மணி நேரம் கால் மரத்துப்போக உட்கார்ந்து பார்த்த பறவையைப் பற்றி, ஒரு ராத்திரிகூட வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. படம் எடுத்தது காடைக்காக இல்லை, பாராட்டுக்காகத்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ஆதிராவுக்குப் போய் அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இனிமேல்?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் வேட்டைக் காலம் முடிந்திருந்தது. விடியற்காலையில் சத்தம் இல்லை. மே மாதம் முழுக்கச் சுற்றிப் பஞ்சுருட்டான், பூனைப்பருந்து என்று மொத்தம் 21 வகைப் பறவைகளைப் படம் எடுத்தேன். எங்கே பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. நன்னு கேட்கவும் இல்லை. ஊருக்குக் கிளம்பும் அன்றைக்கு அவர் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொடுத்தார். நான் அந்தக் காடைப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வாங்கி, நன்றாகப் பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இந்தத் தாளின் ஓரத்தில் ஒட்டியிருப்பதும் அதே படம்தான்.

நம் பள்ளிக்கூடத்தில்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த பிறகு, நம் பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் ஆள்காட்டிக் குருவியின் முட்டைகளைப் பார்த்தேன். வெறும் தரையில், கூழாங்கல் மாதிரி நான்கு முட்டை. ஆள் வந்தால் கத்தி, மற்றப் பறவைகளுக்கெல்லாம் காட்டிக் கொடுப்பதால்தான் அதற்கு ஆள்காட்டி என்று பெயர். அது ஆளைப் பறவைக்குக் காட்டுகிறது. நானோ பறவையை ஆளுக்குக் காட்டிவிட்டேன். அதன் சத்தம் வெள்ளைக்காரர்கள் காதில் 'டிட் யூ டூ இட்?' என்று கேட்குமாம். அறிவியல் ஆசிரியர் வகுப்பில் சொன்னார். 'நீதான் செய்தாயா?' என்று அர்த்தம். அது என் தலைக்குமேல் வட்டமடித்துக் கத்தியபோது எனக்கும் அப்படித்தான் கேட்டது. 'ஆமாம்' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டேன்.

என் நண்பர்கள் மூன்று பேர், "எந்த இடம்டா? ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடுறோம்" என்று தினமும் கேட்கிறார்கள். கோபித்துக்கொண்டு ஒருவன் பேசுவதே இல்லை. முட்டை பொரிய ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். குஞ்சுகள் அம்மா பின்னால் ஓடிப்போன மறுநாள் நானே உங்களை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரைக்கும், தயவுசெய்து, என்னிடம் கேட்காதீர்கள்.



— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு